மடித்துக் கட்டினால் ஆடாது: நீளக் கூந்தலோடு விளையாட இறங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்லூரி வாலிபால் அணியில் ஆடியபோது எனக்கு இடுப்பைத் தாண்டிய சடை. ஒரு போட்டியில் பந்தை அடிக்க எகிறினேன். பந்து வலையைத் தாண்டிப் போனது. பின்னாலேயே சடையும் சுழன்று வந்து, நுனியில் இருந்த ரப்பர் பேண்டோடு வலது கண்ணில் பளீரென்று அறைந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும்போதே எதிரணி திருப்பி அனுப்பிய பந்து என் காலடியில் விழுந்தது. பயிற்சியாளர் சொன்ன தீர்வு ஒன்றே ஒன்று: “இன்னும் இறுக்கிப் பின்னு.” அடுத்த போட்டிக்கு இறுக்கிப் பின்னிக்கொண்டு போனேன். தலைவலி வந்தது. சடை பழையபடியே ஆடியது.

இறுக்கம் வேறு, பிடிமானம் வேறு என்பது புரிய எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது பள்ளிப் பெண்களுக்கு வாலிபாலும் கபடியும் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டி நாளில் முதல் அரை மணி நேரம் எனக்கு விளையாட்டு வேலை எதுவும் கிடையாது, பன்னிரண்டு தலைகளைப் பின்னி முடிக்கும் வேலைதான். அந்தப் பன்னிரண்டு தலைகளிலும் படித்த பாடம் இது.

சடை ஏன் நிற்பதில்லை?

குதிரைவால் போட்டு ஓடுகிறவரின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். அவர் தலை மேலும் கீழுமாகத்தான் அசையும். வால் மட்டும் இடமும் வலமுமாக ஆடும். இந்த விந்தைக்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜோசப் கெல்லர். மேலும் கீழும் குலுங்கும் ஒரு புள்ளியிலிருந்து தொங்கும் கயிறு நேராகவே தொங்கிக்கொண்டிருக்க முடியாது, இம்மியளவு பக்கவாட்டு அசைவும் பெருகிப் பெருகி ஊசலாட்டமாகிவிடும் என்று 2010இல் ஒரு கட்டுரை எழுதினார். 2012இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது.

கெல்லரின் கணக்கிலிருந்து நமக்கு வேண்டியது ஒரு வரிதான்: ஒரே இடத்தில் கட்டித் தொங்கவிட்ட எதுவும் ஆடும். நீளம் கூடக் கூட நுனியின் வீச்சும் கூடும். ஒவ்வொரு வீச்சும் வேர்ப் பக்கத்தில் போட்ட பேண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். ஆட்டத்தை நிறுத்த ஒன்று நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டாவதாக ஓர் இடத்தில் கட்ட வேண்டும். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். குஞ்சலத்தோடு தொங்கும் அத்தனை நீளச் சடையையும் இடுப்பில் ஒட்டியாணத்துக்குள் அடக்கிவிடுவார்கள். எவ்வளவு சுழன்றாலும் அது முகத்துக்கு வராது. ஆனால் பந்தை எடுக்கக் குப்புற விழ வேண்டிய பெண்ணுக்கு இடுப்புக் கட்டு சரிவராது, குனியும்போதெல்லாம் தலையை இழுக்கும். அவளுக்குச் சடையின் நுனி மேலே போக வேண்டும்.

மேலே கொண்டுபோய்க் கட்டும் முறை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாளே “இனி இந்தக் கொம்பு வேண்டாம்” என்று நாம் கழற்றி எறிந்த அதே சடை. விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்று பழைய தமிழில் ஒரு பெயர் உண்டு. ஐந்து விதமாக முடிக்கலாம் என்பது பொருள். என்னைக் கேட்டால் ஆறாவதாக இதையும் சேர்த்திருப்பேன்.

முந்தைய நாளும் அன்று காலையும்

போட்டியன்று காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள். ஷாம்பு போட்டு அலசிய முடி வழுக்கும், பின்னல் ஐந்து நிமிடத்தில் நெகிழும். முந்தைய நாள் குளித்து, உலர்த்தி, இரவில் தளர்வாக ஒரு பின்னல் போட்டுப் படுத்தால் காலையில் முடி சொன்னபடி கேட்கும்.

ஈரத்தோடு பின்னுவது அதைவிட மோசம். நனைந்த முடி உலர்ந்த முடியைவிட எளிதில் நீளும், எளிதில் அறும். ஈரத்தில் இழுத்துக் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஓடினால், பேண்ட் போட்ட இடத்தில் முடி அறுந்து குச்சி குச்சியாக நிற்பதைச் சில வாரங்களில் பார்க்கலாம்.

எண்ணெய் உள்ளங்கையில் தேய்த்தால் காணாமல் போகும் அளவுக்குத்தான். நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் காதோரத்துக் குட்டி முடிகளைப் படியவைக்கப் போதும். கபடி ஆடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் போன்ற வழுக்கும் பொருளைப் பூசிக்கொண்டு களத்தில் இறங்கக் கூடாது என்பது கபடி விதி. தலையில் வைத்த எண்ணெய் வெயிலில் இறங்கிக் கழுத்துக்கும் தோளுக்கும் வந்தால் அதுவும் எண்ணெய்தான்.

எடுத்துவைக்க வேண்டியவை: பல் அகலமான சீப்பு ஒன்று, வகிடெடுக்க வால் வைத்த சீப்பு ஒன்று, துணி சுற்றிய பேண்டுகள் ஆறு, ஒரு மீட்டர் ரிப்பன் இரண்டு. பேண்டில் உலோக இணைப்பு இருக்கக் கூடாது, அந்த இடத்தில்தான் முடி மாட்டி அறும். காகிதக் கட்டுக்குப் போடும் வெறும் ரப்பர் பேண்ட் அவசரத்துக்குக்கூட வேண்டாம். கழற்றும்போது ஒரு பிடி முடியோடுதான் வரும். ரிப்பன் பருத்தியாகவோ சொரசொரப்பாகவோ இருக்கட்டும். பளபளக்கும் சாட்டின் ரிப்பன் பார்க்க அழகு, முடிச்சு நிற்காது.

கொண்டை ஊசி, ஹேர்பின், பல் வைத்த பெரிய கிளிப் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மல்லாந்து விழுந்தால் கிளிப் மண்டையில் இறங்கும். மோதும் விளையாட்டில் உங்கள் ஊசி அடுத்தவர் கன்னத்தைக் கிழிக்கும். முடிச்சிலும் பேண்டிலும் நிற்காத அலங்காரம் மைதானத்துக்கு ஆகாது.

மடித்துக் கட்டும் இரட்டைச் சடை, படிப்படியாக

முதலில் சிக்கெடுக்க வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி, ஒரு சாண் ஒரு சாணாக மேலே வாருங்கள். உச்சியிலிருந்து ஒரேயடியாக இழுத்தால் வழியிலுள்ள எல்லாச் சிக்கும் நுனியில் போய் ஒரே முடிச்சாகிவிடும்.

அடுத்தது வகிடு. நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை ஒரே கோடு. பிடரிப் பக்கம் நமக்குத் தெரியாது என்பதால் பாதியில் விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாவிட்டால் ஒரு சடை கனத்து இழுக்கும். தினமும் பயிற்சிக்குப் போகிறவர்கள் வகிட்டை ஒரு விரல் அளவு மாற்றி மாற்றி எடுங்கள். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வகிடு அகலமாகும்.

ஒரு பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறு பக்கத்தை நெற்றி ஓரத்திலிருந்தே தலையோடு ஒட்டிப் பின்னத் தொடங்குங்கள். நெற்றியருகில் இரண்டு விரல் அகலக் கற்றையை எடுத்து மூன்று பிரியாக்கி இரண்டு முறை சாதாரணமாகப் பின்னுங்கள். மூன்றாவது முறையிலிருந்து, ஓரப் பிரி நடுவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்துத் தலையிலிருந்து சிறிது முடியை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கற்றையாகச் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நடுவில் தொளதொளக்கும். சுண்டு விரல் அளவே போதும். விரல்கள் தலையைத் தொட்டபடியே நகர வேண்டும். கை தலையைவிட்டு விலகினால் பின்னலும் விலகும்.

பின்னும்போது தலை நேராக இருக்கட்டும். அண்ணாந்தபடி பின்னினால் குனியும்போது பிடரி முடி சுண்டி இழுக்கும். குனிந்தபடி பின்னினால் நிமிரும்போது பிடரியில் முடி தொங்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையைக் கொடுக்கும் பிள்ளைகளின் சடை மட்டும் ஏன் முதலில் அவிழ்கிறது என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

காதுக்குப் பின்னால், காது மடலின் அடி மட்டத்துக்கு வந்ததும் ஒரு பேண்ட் போடுங்கள். சாதாரணமாக நாம் நுனியில் மட்டும்தான் போடுவோம். இந்தப் பிடரிப் பேண்ட்தான் முதல் கட்டு. கீழே என்ன நடந்தாலும் மேலே பின்னிய பகுதியை இது காக்கும்.

இனி ரிப்பன். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பின்னி முடித்துவிட்டு நுனியில் ரிப்பனைச் சுற்றிக் கட்டினால் அது கழன்றுதான் போகும், ஏனென்றால் கூந்தல் நுனிக்குப் போகப் போக மெலிகிறது. கனத்திலிருந்து மெலிவை நோக்கி எதுவும் எளிதாக நழுவும். எலிவால் நுனியில் எவ்வளவு இறுக்கினாலும் பேண்ட் நிற்காததற்கு இதுதான் காரணம். அதனால் ரிப்பனைப் பாதியிலேயே உள்ளே விட வேண்டும். சடை பாதி நீளம் வந்ததும் ரிப்பனைச் சரிபாதியாக மடித்து, அந்த மடிப்பு நடுப் பிரியின் பின்னால் இருக்கும்படி வையுங்கள். ரிப்பனின் ஒரு பாதி இடப் பிரியோடும் மறு பாதி வலப் பிரியோடும் சேரட்டும். அப்படியே சேர்த்துப் பின்னிக்கொண்டே போங்கள். நுனிக்கு நான்கு விரல் இருக்கும்போது நிறுத்தி, ரிப்பனின் இரண்டு பாதிகளையும் சடையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். இப்போது ரிப்பன் சடைக்கு உள்ளே ஓடுகிறது. சடை முழுவதும் பிரிந்தால் ஒழிய அது வெளியே வராது.

பிறகு மடிப்பு. நுனியைக் கழுத்துப் பக்கமாக, அதாவது உள்பக்கமாக மடித்துப் பிடரிப் பேண்ட் வரை உயர்த்துங்கள். வெளிப்பக்கமாக மடித்தால் நுனி முடிகள் துருத்திக்கொண்டு நிற்கும், எதிராளியின் விரலும் அதில் மாட்டும். தொங்கும் ரிப்பன் முனைகளில் ஒன்றைப் பேண்டின் இடப்புறமாகவும் மற்றதை வலப்புறமாகவும் கொண்டுபோய், சடையின் அடியைச் சுற்றி ஒன்றையொன்று குறுக்கிட வைத்து இறுக்குங்கள். இரட்டை முடிச்சு. பள்ளிக்குப் போடும் பூ முடிச்சு இங்கே கூடாது. ஓர் இழுப்பில் அவிழ்வதற்கென்றே போடுவது அது. மிஞ்சிய முனைகளை மடிப்புக்குள் செருகிவிடுங்கள்.

இடுப்புக்குக் கீழே முடி உள்ளவர்களுக்கு இவ்வளவு செய்தும் மடிப்பு தோளில் புரளும். மடிப்பின் நடுவில் இரண்டு அடுக்கையும் சேர்த்து இன்னொரு பேண்ட் போட்டு, இடப்பக்க மடிப்பையும் வலப்பக்க மடிப்பையும் பிடரிக்குக் கீழே ஒரு சிறு ரிப்பன் துண்டால் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். இரண்டு ஊசல்களை முடிச்சுப் போட்டுவிட்டால் எந்தப் பக்கம் ஆடுவது என்று அவற்றுக்கே தெரியாது.

இறங்கும் முன் சோதனை. இருபது முறை குதியுங்கள். தலையை இடமும் வலமும் வேகமாகத் திருப்புங்கள். தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், முடிச்சு எங்காவது குத்துகிறதா? கடைசியாகப் புருவத்தை உயர்த்துங்கள். நெற்றித் தோல் இழுபட்டு வலித்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அவிழ்த்துப் பின்னுங்கள், ஆடும்போது தளர்ந்துவிடும் என்று விடாதீர்கள்.

பின்னிவிட ஆளில்லாதவர்களுக்கு

காலையில் தனியாக ஓடப் போகிறவர், வேலை முடிந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர் இத்தனையும் செய்ய முடியாது. அவர்களுக்கு ஒற்றைச் சடையே போதும். பிடரியில் தாழ்வாக ஒரு பேண்ட், பின்னல், நுனியில் ஒரு பேண்ட், உள்பக்கமாக மடித்துப் பிடரிப் பேண்டோடு சேர்த்து மூன்றாவது பேண்ட். மூன்று நிமிட வேலை. உச்சியில் தூக்கிப் போடும் குதிரைவாலைவிட இது அழகில் குறைவுதான். ஆனால் உயரத்தில் கட்டிய வாலின் முழு எடையும் நெற்றி ஓரத்து மெல்லிய முடிகளைத்தான் இழுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கூந்தலுக்கு எடை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் எடைக்குள் வர, இந்திய வீராங்கனை வினேஷ் போகாட்டின் முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அப்படியும் 100 கிராம் மிஞ்சியது.

எந்த விளையாட்டுக்கு எது?

கபடியில் பாடி வரும் வீராங்கனையைக் கை கால்களையோ உடலையோ பிடித்துத்தான் மடக்க வேண்டும், முடியைப் பிடிப்பது விதிமீறல். ஆனால் வேண்டுமென்று பிடிப்பதற்கும் கை தவறி மாட்டுவதற்கும் நடுவர் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் தலை பின்னால் வெட்டி இழுக்கப்பட்டிருக்கும். அதனால் மடித்த இரட்டைச் சடை இங்கே கட்டாயம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டிகளில் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும் முடி சீருடையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. பந்தை வைத்திருப்பவரை அதைப் பிடித்து இழுத்து வீழ்த்தலாம்.

ஓட்டப் பந்தயத்தில் கூந்தலை விரித்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988இல் 100 மீட்டரை 10.49 வினாடியில் ஓடியபோது அவர் முடி காற்றில் பறந்தது. பெண்கள் பிரிவில் அந்தச் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது. “அவர் விரித்துவிட்டுத்தானே ஓடினார், மிஸ்?” என்று என்னிடம் ஒருத்தி கேட்டாள். “பத்தரை வினாடியில் முடித்துவிடுவாயானால் நீயும் விரித்துக்கொள்” என்றேன். மறுபேச்சு இல்லை.

நீச்சலுக்கு முறை வேறு. குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் கூந்தலை முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். ஈரத்தில் இழுத்துப் பின்னக் கூடாது என்பதால் முதலில் உலர்ந்த முடியைத் தளர்வான ஒற்றைச் சடையாகப் பின்னி, பிறகு நனையுங்கள். சடையை உச்சியில் கொண்டையாக்கினால் தொப்பி மேலேறிக் கழலும். பின்மண்டையில் ஜிலேபிபோல் தட்டையாகச் சுருட்டி, நுனியை அடியில் செருகி, அதன் மேல் சிலிகான் தொப்பியை நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுத்துப் போடுங்கள். லேட்டக்ஸ் தொப்பி மெலிதுதான், ஆனால் முடியைப் பிய்க்கும். அடர்த்தியான கூந்தலுக்குக் கொள்ளளவு கூடிய தொப்பிகளும் இருக்கின்றன. அத்தகைய ஒன்றைத் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் சர்வதேச நீச்சல் சம்மேளனம் ஏற்க மறுத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2022இல் அனுமதித்தது.

சைக்கிளுக்குத் தாழ்வான ஒற்றைச் சடை. கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது, உட்காராத ஹெல்மெட் இருந்தும் இல்லாததே. யோகாசனத்தில் படுக்க வேண்டியிருப்பதால் பின்மண்டையில் எதுவும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஒரு சடை போட்டுக்கொள்ளுங்கள். எடை தூக்குகிறவர்கள் தோளில் கம்பியை வைக்கும் முன் சடை அதன் அடியில் சிக்கியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். சிலம்பத்தில் கம்பு பிடரியைச் சுற்றி வரும், அங்கேயும் மடிப்புதான்.

ஆண்களுக்கும் இதே விதிதான். நீளமுடியோடு ஈட்டி எறிந்துகொண்டிருந்த நீரஜ் சோப்ரா, வியர்வைத் தொல்லை தாங்காமல் வெட்டிவிட்டதாகச் சொன்னார். வெட்டக் கூடாதென்பது நெறியாக உள்ள சீக்கிய வீரர்கள் உச்சியில் கொண்டை போட்டு அதை ‘பட்கா’ என்ற துணியால் இறுக மூடுகிறார்கள். கட்டு ஒன்று, அதன் மேல் உறை ஒன்று. 2014இல் சீனாவில் நடந்த ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் இரண்டு இந்திய வீரர்களைத் தலைத்துணியைக் கழற்றச் சொன்னார்கள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் அந்த விதியை மாற்றியது. சிலம்பம் கற்கும் நீளமுடிப் பையன்களுக்கு நான் சொல்வதும் இதுதான், கொண்டை மட்டும் போதாது, மேலே ஒரு துணி கட்டு.

ஆட்டம் முடிந்த பிறகு

வியர்வையோடு அந்தக் கட்டிலேயே வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. முடிச்சுக்குள் ஈரம் தங்கும், அரிப்பும் பொடுகும் வரும். மைதானத்தைவிட்டு வெளியே வந்ததுமே அவிழ்த்து உதறி, விரல்களால் வேர்களைத் தடவிவிடுங்கள்.

அவிழ்க்கும்போது கையோடு ஒரு கொத்து முடி வந்தால் பதறாதீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் சிக்கிக் காத்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன, அவ்வளவுதான். பார்க்க வேண்டிய இடம் நெற்றி ஓரமும் காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதியும். அங்கே சிறு சிறு கொப்புளங்கள், தொட்டால் வலி, உடைந்த குட்டி முடிகள், முன்பைவிடப் பின்வாங்கிய முடிக்கோடு ஆகியவை தெரிந்தால் அது இழுவையால் வரும் உதிர்வு. தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் முடி திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் வேர் வடுவாகி, அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும். சந்தேகமிருந்தால் எண்ணெய் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தால் பல்லால் கடிக்க வேண்டாம், கத்தரிக்கோலையும் தேட வேண்டாம். முடிச்சின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வால் சீப்பின் முனையை உள்ளே நுழைத்து நெம்புங்கள். ரிப்பன் போனாலும் பரவாயில்லை என்று வெட்டப்போய் சடையின் ஒரு பிரியையே வெட்டிவிட்ட ஒருத்தி எங்கள் அணியில் இருக்கிறாள். அவளுக்கு மட்டும் இந்தப் பருவம் முழுவதும் ஒரு பக்கச் சடை மூன்று விரல் குட்டை.